பழைய தபால் நிலையத்தில் கடிதக் கட்டு கிடைத்தால்: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தொண்டி முதல் மூக்கையூர் வரை நம் கடற்கரை ஊர்களில் கிளைத் தபால் நிலையம் என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் வீட்டு முன்னறைதான். கிளை போஸ்ட் மாஸ்டரே இடம் கொடுக்க வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அவர் ஓய்வுபெற்று, அப்புறம் காலமாகி, பிள்ளைகள் வீட்டை இடித்துக் கட்ட இறங்கும்போது பரணிலிருந்தோ சுவர் அலமாரியிலிருந்தோ ஒரு சணல் பை வந்து விழுகிறது. உள்ளே கட்டுக் கட்டாய்க் கடிதங்கள்.

இப்படி மூன்று இடங்களில் நான் உடனிருந்து வேலை செய்திருக்கிறேன். கரையானும் உப்பும் தின்றதைவிட, கண்டெடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆர்வத்தோடு நீண்ட கைகள் செய்த சேதமே அதிகம். எல்லாப் படியும் தெரிந்தவர்கள்கூட வரிசையை மாற்றிக் கெடுத்தார்கள். அதனால் வரிசையை விடாமல் பின்பற்றுங்கள்.

1. கடிதம் யாருடையது என்பதில் தெளிவாக இருங்கள்

வீடு உங்களுடையதாக இருக்கலாம். கடிதம் உங்களுடையது அல்ல. தபால் பெட்டியில் போட்ட கடிதம் உரியவர் கைக்குப் போகும் வரை அஞ்சல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. அறுபது ஆண்டு பரணில் கிடந்தாலும் அது வழியில் இருக்கும் தபால்தான். 1898ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023இல் இயற்றிய புதிய அஞ்சல் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் மாறியதால் பிறர் கடிதத்தைப் பிரிக்கும் உரிமை நமக்கு வந்துவிடவில்லை.

ஒட்டிய உறையைப் பிரிக்கக் கூடாது. ஸ்டாம்பைப் பிய்க்கக் கூடாது. விலைக்குக் கொடுக்கவும் கூடாது. பழைய ஸ்டாம்பு வாங்குகிறவர்கள் எப்படியோ செய்தி கேட்டு வந்துவிடுவார்கள். முதல் நாளே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

2. தகவல் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்

பக்கத்துத் துணை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டருக்கு எழுத்தில் ஒரு வரி தெரிவியுங்கள். அதன் நகலை ராமநாதபுரம் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். "இந்த ஊரில், இந்த வீட்டில், இன்ன தேதியில் பழைய தபால் கட்டுகள் இருப்பது தெரியவந்தது, பிரிக்காமல் வைத்திருக்கிறோம்" என்று இருந்தால் போதும். கட்டுகளை எடுப்பதற்கும் உலர்த்துவதற்கும் அவர்களிடமே ஒப்புதல் கேளுங்கள். முடிந்தால் ஓர் ஊழியரை உடன் இருக்கச் சொல்லுங்கள்.

இதைப் பின்னால் செய்துகொள்ளலாம் என்று ஒத்திப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் போட்டு முடித்த பிறகு போனால் "எத்தனை எடுத்தீர்கள், எத்தனை கொடுக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு உங்களிடம் சாட்சி இருக்காது.

வீட்டின் உரிமையாளர் குடும்பத்தில் மூத்தவரிடமும் பேசிவிடுங்கள். "உங்கள் அப்பா ஒளித்து வைத்தார்" என்ற தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது. தபால் தங்கிப்போவதற்குப் புயல், மாற்றல், நோய் என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. அந்த மனிதர் இன்று பதில் சொல்ல உயிரோடு இல்லை.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை, டார்ச், கேமரா உள்ள போன், 2பி பென்சில், வெள்ளைத் தாள் துண்டுகள், ஆட்டு முடி தட்டைப் பிரஷ், கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய காடாத் துணி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பதமானி. இரண்டு கயிற்றுக் கட்டில்கள்.

பேனா வேண்டவே வேண்டாம். ஈரக் காகிதத்தருகே பேனா மை ஒரு துளி பட்டாலும் பரவிவிடும். செலோ டேப், ஸ்டேப்லர், ஜெம் கிளிப் எதையும் அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். உப்புக் காற்றில் கிளிப் துருப்பிடித்துக் காகிதத்தைத் தின்றுவிடும்.

ஆட்கள் மூன்று பேர் போதும்: எடுக்க ஒருவர், படம் பிடிக்க ஒருவர், எழுத ஒருவர். ஆஸ்துமா உள்ளவர் உள்ளே வர வேண்டாம். பழைய காகிதப் பூஞ்சை அவர்களைப் படுத்தி எடுத்துவிடும்.

4. நாள் பார்த்துப் போங்கள்

அவசரம் இல்லையென்றால் பங்குனி, சித்திரை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. தை, மாசியில் விடியற்காலைப் பனி. வைகாசி கடைசியில் கச்சான் என்னும் மேல்காற்று எழும்பிவிட்டால் கதவைத் திறந்ததும் மணல் உள்ளே அள்ளிக் கொட்டும்.

வீடு நாளையே இடிபடப் போகிறது என்றால் மழையிலும் எடுக்கத்தான் வேண்டும். அப்போது 6ஆம் படியை முழுதாகத் தயார் செய்துவிட்டு எடுங்கள். எடுத்துவிட்டு எங்கே உலர்த்துவது என்று தேடும் நேரத்தில்தான் பூஞ்சை பிடிக்கிறது.

இன்னொன்று. தனுஷ்கோடியில் தபால் நிலையம் என்று காட்டப்படும் இடிசுவர்களுக்குள் யாரும் தோண்ட வேண்டாம். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலும் அதற்குப் பின் வந்த கடல் காற்றும் அங்கே காகிதம் எதையும் விட்டுவைத்திருக்காது. நாம் தேட வேண்டியது கூரை நிலைத்து நின்ற வீடுகளை.

5. படம் முதலில், கை அப்புறம்

கதவைத் திறந்து அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். தேள், பாம்பு, வௌவால் எல்லாம் இருக்கக்கூடிய இடம். ராமேஸ்வரம் தீவுப் பக்கப் பழைய வீடுகளில் பவளக்கல்லும் சுண்ணாம்புமாய்க் கட்டிய சுவர்கள் உண்டு. அவை ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். கடிதக் கட்டின் சுவரோடு ஒட்டியிருக்கும் பக்கம்தான் அதிகம் நைந்த பக்கம் என்று எதிர்பார்த்து நில்லுங்கள்.

எதையும் தொடுமுன் அறை முழுவதும், அப்புறம் அலமாரி, அப்புறம் ஒவ்வொரு தட்டு, அப்புறம் ஒவ்வொரு கட்டு என்று படம் எடுங்கள். எது எதன் மேல் கிடந்தது என்பது ஒரு தகவல். அதை எடுத்த பிறகு திரும்ப உண்டாக்க முடியாது.

6. கட்டை அவிழ்க்காமல் எடுத்து உலர்த்துங்கள்

புதிதாக வருகிறவர் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. கட்டைப் பார்த்ததும் கை கயிற்றுக்குப் போகும். போகக் கூடாது.

தபால் நிலையத்தில் கடிதங்களைச் சும்மா கட்டுவதில்லை. ஒரு நாளுக்கு, ஒரு ஊருக்கு, ஒரு தபால்காரர் சுற்றுக்கு என்று பிரித்துத்தான் கட்டுவார்கள். நாங்கள் எடுத்த ஒரு கட்டில் எட்டு அட்டைகளில் முத்திரை முற்றிலும் அழிந்துபோயிருந்தது. அவற்றுக்கு மேலும் கீழும் இருந்த கடிதங்கள் எல்லாம் அடுத்தடுத்த இரண்டு நாள் முத்திரை. அதை வைத்தே அந்த எட்டுக்கும் காலம் சொல்ல முடிந்தது. அவிழ்த்துக் கலைத்திருந்தால் அந்த எட்டும் எப்போதைக்குமாய்த் தேதியில்லாக் கடிதங்கள்தான்.

கட்டின் அடியில் ஒரு தடித்த அட்டையை நுழைத்து, அட்டையோடு தூக்குங்கள். கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் நைந்த ஓரத்தைக் கயிறு அறுத்துவிடும். ரப்பர் பேண்டு போட்டிருந்தால் அது பிசினாய் உருகி ஒட்டியிருக்கும். இழுக்காமல் இரு பக்கமும் கத்தரித்துவிட்டு, ஒட்டிய துண்டை அப்படியே விடுங்கள். பையில் அரக்கு முத்திரையோ பெயர்ச் சீட்டோ இருந்தால் அதுவும் ஒரு கடிதத்துக்குச் சமம். குப்பையில் போடாதீர்கள்.

இப்போது ஈரம். கடற்கரைக் காகிதத்தின் தனிக் குணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். பகலில் மொறுமொறுவென்று காய்ந்த கடிதம் ராத்திரியில் மறுபடி சில்லென்று ஆகிவிடுவது இதனால்தான். ஆகவே ஒரு நாளில் காய்ந்தது என்று நம்பிப் பெட்டியில் அடைக்காதீர்கள்.

வெயிலில் போடவே கூடாது. காகிதம் முறுக்கிக்கொள்ளும், மை வெளுக்கும். கல்யாணக் கடிதத்தின் மூலையில் தடவிய மஞ்சள்கூடச் சூரிய ஒளியில் மறைந்துபோகும். இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. நிழலான அறையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே காடாத் துணி விரித்து, கட்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். கயிற்றுக் கட்டிலில் கீழிருந்தும் காற்று வரும். அதற்காகத்தான் அது. மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். காற்று அறைக்குள் சுழல வேண்டும், கடிதத்தின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஈரப்பதமானியை உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பாருங்கள். வெளியே குறைவாக இருந்தால் மட்டும் சன்னலைத் திறங்கள். நம் பக்கம் அது பெரும்பாலும் முற்பகலில் இருக்கும். பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் அடைத்துவிடுங்கள். உள்ளே 60 சதவீதத்துக்குக் கீழே இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நின்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

சொட்டச் சொட்ட நனைந்த கட்டு என்றால் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடித்துவிடும். உலர்த்த இடமில்லையா? பட்டர் பேப்பரில் சுற்றி, பாலிதீன் பையில் இறுக்கி, வீட்டு ஃபிரிட்ஜின் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். அது மருந்தல்ல, தவணை வாங்குவது மட்டும். மீன் ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். ஐஸ் உருகும் தண்ணீர் உள்ளே இறங்கும்.

ஈரமாக இருக்கும்போது எழுத்தைத் துடைக்காதீர்கள். அந்தக் காலத்தில் தபால் ஆபீசுகளில் ஊதாப் பென்சில் புழங்கியது. காய்ந்திருந்தால் சாதாரணக் கரிப் பென்சில் மாதிரிச் சாம்பலாய்த் தெரியும். ஈரம் பட்டால் ஊதாவாய்க் கரைந்து ஓடும். பென்சில்தானே, கரையாது என்று நினைத்து ஒரு பையன் ஈரத் துணியால் தொட்டதில் ஒரு முகவரி முழுதும் ஊதாத் திட்டாகிப்போனது. அந்தக் கடிதத்துக்கு இன்றுவரை ஆள் கண்டுபிடிக்க முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது.

7. மண்ணும் பூஞ்சையும்

முழுதாய்க் காய்ந்த பிறகே பிரஷ். ஈரப் பூஞ்சையைத் தேய்த்தால் காகிதத்துக்குள் இறங்கும். திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தள்ளுங்கள். மணலைத் தேய்க்காமல் கடிதத்தைச் சாய்த்து உதிர விடுங்கள். மணல் ஒவ்வொன்றும் ஓர் உப்புத்தாள்.

டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது.

8. இப்போது அவிழ்க்கலாம், மூன்றாகப் பிரிக்கலாம்

முடிச்சைத் தொடாமல், முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் கயிற்றை வெட்டுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஈரத்தில் கோந்து இளகி உறையோடு உறை ஒட்டியிருக்கும். தட்டையாகச் சீவிய தென்னை ஈர்க்கை இடையில் நுழைத்துப் பாருங்கள். விடவில்லையா, இரண்டையும் ஒன்றாகவே விடுங்கள். துறையிடம் ஒட்டியபடி போவதில் குற்றமில்லை. கிழிந்து போனால்தான் குற்றம்.

கிடைப்பதெல்லாம் சேராத் தபால் அல்ல. முதல் குவியல், ஒட்டியபடி இருக்கும், உரியவருக்குப் போகாத கடிதங்கள். இரண்டாவது, அலுவலகத் தாள்கள்: ரசீதுப் புத்தகம், மணியார்டர் படிவம், பட்டியல்கள். மூன்றாவது, போஸ்ட் மாஸ்டர் குடும்பத்துக்கு வந்து, வாசித்து, எடுத்து வைத்த சொந்தக் கடிதங்கள். மூன்றாவது குவியல் அந்த வீட்டாருடையது. பட்டியலில் சேர்க்காமல் அன்றே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். ஓர் ஊரில் இதைக் கவனிக்காமல் வீட்டம்மாவின் கல்யாணத்துக்கு முந்தைய கடிதங்களைப் பத்துப் பேர் கூடி வாசித்துவிட்டார்கள். அவர் அதற்குப் பின் எங்களை வீட்டுக்குள் விடவில்லை. நியாயம்தான்.

9. எண்ணும் பட்டியலும்

எண்ணைக் கடிதத்தின் மேல் எழுதாதீர்கள். பென்சிலால் தாள் துண்டில் எழுதி உடன் வையுங்கள். கட்டு எண் முதலில், கட்டுக்குள் இருந்த வரிசை எண் அடுத்து. 3-17 என்றால் மூன்றாம் கட்டில் மேலிருந்து பதினேழாவது.

பட்டியலில் வகை, முகவரி, அனுப்பியவர் விலாசம், போட்ட இடத்து முத்திரை, வந்து சேர்ந்த இடத்து முத்திரை, ஸ்டாம்பு மதிப்பு, சேத விவரம் இருக்கட்டும். முகவரியை எழுத்துப் பிழையோடு உள்ளது உள்ளபடியே எழுதுங்கள். "சரி செய்து" எழுதினால் தேடலே தடம் மாறும்.

அஞ்சலட்டையில் விஷயம் திறந்தே கிடக்கிறது. கண்ணில் படத்தான் செய்யும். ஆனால் பட்டியலில் ஏற்றவோ, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவோ கூடாது. முகவரிப் பக்கம் மட்டும் படம் எடுங்கள்.

10. வெளிப்புறத்தை வாசிப்பது

பிரிக்காமலே ஒரு கடிதம் எவ்வளவோ சொல்லும். பொறுமையாய் உட்கார வேண்டிய படி இது.

முதலில் முத்திரைகள். போட்ட இடத்து முத்திரையும் இல்லை என்றால், பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு அனுப்பாமல் விட்ட கடிதமாக இருக்கலாம். போட்ட முத்திரை இருந்து, வந்து சேர்ந்த முத்திரை இல்லை என்றால் வேறு ஊர்க் கடிதம் தவறிக் கலந்திருக்கலாம். இரண்டும் இருந்தால் கதவு வரை வந்து நின்ற கடிதம். பின்புறம் "ஊரில் இல்லை", "வீடு பூட்டு" என்று தபால்காரர் குறிப்பும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து காலம். அணாவில் ஸ்டாம்பு என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் 1957க்குப் பின். 1964 ஜூனிலிருந்து "நயா" போய் வெறும் பைசா. வழக்கமான ஸ்டாம்போடு அகதிகள் நிவாரணத்துக்கான 5 பைசா ஸ்டாம்பும் இருந்தால் 1971 நவம்பர் 15க்கும் 1973 மார்ச் 31க்கும் இடைப்பட்டது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல் வந்தது. நம் பக்கம் 623 என்று தொடங்கும்.

கையால் எழுதிய ஊர்ப்பெயரை மட்டும் நம்பிக் காலம் சொல்லாதீர்கள். 1972 மே மாதம் ஸ்ரீலங்கா என்று பெயர் மாறிய பிறகும் நம் ஆட்கள் நெடுநாள் சிலோன் என்றுதான் எழுதினார்கள். 1963இல் மலேசியா ஆன பிறகும் மலாயா என்றார்கள். முத்திரையில் இருப்பதுதான் கணக்கு.

"காரைக்குடி, ராமநாதபுரம் ஜில்லா" என்று பார்த்ததும் வழி தவறிய கடிதம் என்று தனியே வைத்துவிடுகிறார்கள். 1985இல் பிரியும் வரை சிவகங்கைப் பக்கமும் விருதுநகர்ப் பக்கமும் நம் மாவட்டம்தான்.

பெயரில் வரும் குழப்பம் இன்னும் அதிகம். "ம-ள-ள-ஸ்ரீ" என்று தொடங்கினால் அது இனிஷியல் அல்ல, மகாராஜராஜஸ்ரீ என்ற மரியாதை. அட்டையின் தலையில் 786 என்றிருந்தால் அது கதவு எண்ணும் அல்ல, பட்டுவாடா எண்ணும் அல்ல. பிஸ்மில்லாவுக்கான எண். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் அரபு எழுத்தில் ஒரு கடிதம் கிடைத்தால் அரபு மொழி என்று எழுதிவிடாதீர்கள். அரபுத்தமிழாக இருக்கலாம்: எழுத்து அரபு, பேச்சு நம் தமிழ். ஊரில் வயதான ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் முகவரி வரியை மட்டும் காட்டிக் கேளுங்கள்.

அட்டையில் தமிழ் வருஷம் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை மறக்காதீர்கள். குரோதி மார்கழி என்றால் தனுஷ்கோடிப் புயல் அடித்த 1964ஆகவும் இருக்கலாம், 1904ஆகவும் இருக்கலாம். ஸ்டாம்பைப் பார்த்தால் எதுவென்று தெரிந்துவிடும்.

கறுப்பு ஓரம் இருந்தால் கருமாதிக் கடிதம், மூலையில் மஞ்சள் இருந்தால் சுபகாரியம். இதைச் சேத விவரத்துக்குப் பக்கத்தில் குறித்து வையுங்கள். 12ஆம் படியில் இது தேவைப்படும்.

11. ஒப்படைப்பது

பட்டியல் இரண்டு பிரதி. இரண்டிலும் அஞ்சல் அலுவலரின் கையெழுத்து, முத்திரை, தேதி, மொத்த எண்ணிக்கை. ஒன்று உங்களிடம் இருக்கட்டும். கட்டின் வரிசை குலையாமல் காடாத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வைத்துக் கொடுங்கள். சணல் பையில் திரும்பக் கட்டிக் கொடுத்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

முகவரி தெரிகிறவற்றைத் துறை பட்டுவாடா செய்யவோ அனுப்பியவருக்குத் திருப்பவோ முயலும். இரண்டும் ஆகாதவை ஆர்.எல்.ஓ. எனப்படும் திரும்பிய கடிதங்களுக்கான அலுவலகத்துக்குப் போகும். உறையைத் திறந்து உள்ளே விலாசம் தேடும் அதிகாரம் அங்கே நியமிக்கப்பட்டவர்களுக்கு உண்டு. நமக்கில்லை.

12. குடும்பத்தைத் தேடுவது

துறைக்கு நம்மால் ஆகும் பெரிய உதவி இது. தபால்காரருக்கு இன்றைய தெரு தெரியும். 1962இல் அந்தத் தெருவில் யார் இருந்தார்கள் என்று நம்மால்தான் விசாரிக்க முடியும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் பெற்றோர் பெயரோடு ஞானப் பெற்றோர் பெயரும் இருப்பதால் ஒரு நூல் அறுந்தாலும் இன்னொன்று கிடைக்கும். தனுஷ்கோடி விலாசம் என்றால் ராமேஸ்வரம் தீவின் மற்ற ஊர்களில் கேளுங்கள். புயலுக்குப் பின் அங்கே குடியேறியவர்கள் ஏராளம். கேட்கும்போது பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லுங்கள். கடிதம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்களாகச் சொல்லாதீர்கள். அதை அவர்கள் சொன்னால்தான் சரியான குடும்பம் என்பது உறுதி.

ஆள் கிடைத்ததும் தபால்காரரோடு நீங்களும் போங்கள். முந்தின நாளே சொல்லி வையுங்கள். கறுப்பு ஓரக் கடிதம் என்றால் வீட்டில் பெரியவர் யாராவது இருக்கும் நேரம் கேட்டுப் போங்கள். கடிதத்தை ஒட்டியபடியே கொடுங்கள். "பிரித்துப் படியுங்கள்" என்று சொல்லாதீர்கள். மலாயாவிலிருந்து தகப்பனார் போட்ட உறையை வாங்கிய ஓர் அம்மா, மூன்று நாள் பீரோவில் வைத்திருந்துவிட்டு, அப்புறம் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னால், வீட்டாரில் யாராலும் வாசிக்க முடியாதபோது மட்டும் செய்யுங்கள். போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கிளம்புமுன் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே தேதியும், பெற்றவர் முகவரிதாரருக்கு என்ன உறவு என்பதும் எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கை நடுங்கினால் ரேகை போதும்.